சாம்பலுக்கு அடியில் கிடந்த செருப்புகள்: ஓரிகன் மாநிலத்தின் முதல் பக்கங்கள்

1938ஆம் ஆண்டு. அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள ஓரிகன் மாநிலத்தின் வறண்ட பகுதியில், ஃபோர்ட் ராக் என்ற பாறைக்குப் பக்கத்தில் ஒரு குகையைத் தோண்டிக்கொண்டிருந்தார் லூதர் கிரெஸ்மன் என்ற மானுடவியல் பேராசிரியர். மேல்மண்ணை நீக்கியதும் எரிமலைச் சாம்பல் ஒரு அடுக்காகப் படிந்திருந்தது. அதையும் நீக்கினார்கள். அடியில் செருப்புகள் கிடந்தன. ஒன்றிரண்டு அல்ல, பல டஜன்.

அந்தச் செருப்புகளைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். அந்தப் பக்கம் எங்கு பார்த்தாலும் மண்டிக் கிடக்கும் சேஜ்பிரஷ் என்ற புதரின் பட்டையை உரித்து, கயிறாகத் திரித்திருக்கிறார்கள். நீளவாக்கில் ஐந்து கயிறு. அவற்றின் குறுக்கே மெல்லிய இழைகளை நெருக்கமாகப் பின்னித் தட்டையான அடிப்பாகம். முன்னால் கால்விரல்களை மூடிக்கொள்ள ஒரு மடிப்பு. கணுக்காலில் சுற்றிக் கட்ட ஒரு கயிறு. பெரியவர் கால் அளவிலும் உண்டு, குழந்தை கால் அளவிலும் உண்டு. சிலவற்றின் ஓரம் தீயில் கருகியிருக்கிறது. குளிர்காயக் காலை நெருப்புக்கு மிக அருகில் நீட்டிய யாரோ ஒருவருடையதாக இருக்கலாம் என்று நினைக்கத் தோன்றுகிறது.

கண்டெடுத்தபோது அவற்றின் வயது யாருக்கும் தெரியாது. கரிமக் காலக்கணிப்பு முறை வந்த பிறகு, 1950களின் தொடக்கத்தில் ஒரு செருப்பைச் சோதித்துப் பார்த்தார்கள். ஏறத்தாழ 9,000 ஆண்டுகள் என்று விடை வந்தது. பின்னால் சோதித்த வேறு சில செருப்புகள் 10,000 ஆண்டுகளையும் தாண்டின. உலகத்தில் இதுவரை கிடைத்த செருப்புகளிலேயே மிகப் பழையவை என்று இவற்றைச் சொல்கிறார்கள். யூஜீன் நகரில், ஓரிகன் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இப்போது இருக்கின்றன.

இந்தச் செருப்பிலிருந்து தொடங்கியதற்குக் காரணம் இருக்கிறது. ஓரிகனின் ஆரம்பகால வரலாறு என்று தேடினால் பெரும்பாலும் கண்ணில் படுவது 1843ஆம் ஆண்டும், கூண்டு வண்டிகளும், மேற்கு நோக்கி நடந்த குடியேறிகளும்தான். அதற்கு முன்னால் இருந்தது ஒரு முன்னுரை மாதிரி இரண்டு பத்தியில் முடிந்துவிடும். மலை, ஏரி, அருவி எல்லாம் தனியாகச் சுற்றுலாப் பக்கத்துக்குப் போய்விடும். இப்படிப் பிரித்துப் படித்தால் இந்த மாநிலம் புரியாது என்பது என் எண்ணம். இங்கே பெயர்பெற்ற ஒவ்வொரு மலையும் ஏரியும் மனிதர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது நடந்த ஏதோ ஒன்றின் தடயம். பார்த்தவர்கள் அதைச் சொல்லியும் வைத்தார்கள். கேட்கத்தான் ஆள் இல்லாமல் போனது.

சரி, அந்தச் சாம்பல் எங்கிருந்து வந்தது?

ஃபோர்ட் ராக்கிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தென்மேற்கே மசாமா என்ற எரிமலை இருந்தது. சுமார் 3,700 மீட்டர் உயரம். ஓரிகனை நெடுக்காகப் பிளந்து போகும் கேஸ்கேட் மலைத்தொடரில் அதுவும் ஒரு பெரிய சிகரம். சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன் அது வெடித்தது. 50 கன கிலோமீட்டர் அளவுக்குப் பாறைக்குழம்பு வெளியே வந்தது. சாம்பல் கனடா வரை போய் விழுந்தது. கிரீன்லாந்தின் பனிக்கட்டிக்குள்ளும் அதன் துகள்களைக் கண்டெடுத்திருக்கிறார்கள். வயிறு காலியானதும் மலையால் தன் பாரத்தைத் தாங்க முடியவில்லை. உச்சி அப்படியே உள்ளே இடிந்து விழுந்தது. எட்டுக்குப் பத்து கிலோமீட்டர் அளவில் ஒரு பெருங்குழி மிஞ்சியது.

அந்தக் குழியில் மழையும் பனியும் சில நூறு ஆண்டுகள் சேர்ந்து நிரம்பியதுதான் கிரேட்டர் ஏரி. 592 மீட்டர் ஆழம். அமெரிக்காவிலேயே ஆழமான ஏரி. ஒரு ஆறும் இதில் வந்து சேர்வதில்லை, ஒரு ஆறும் இதிலிருந்து புறப்படுவதில்லை. ஆண்டுக்குச் சராசரியாகப் 12 மீட்டருக்கு மேல் பனி கொட்டுகிறது. ஆவியாகியும் கசிந்தும் போகும் நீரை அந்தப் பனியும் மழையும் ஈடு செய்கின்றன. வண்டல் கொண்டுவரும் ஆறு இல்லாததால் தண்ணீர் அத்தனை தெளிவு. ஆழத்துக்குள் போகும் வெளிச்சத்தில் சிவப்பும் பச்சையும் நீரிலேயே தங்கிவிட, நீலம் மட்டும் திரும்பி வருகிறது. மை கொட்டியதுபோன்ற நீலம்.

இந்த மலை விழுந்ததைப் பார்த்தவர்களின் வழிவந்தவர்கள் கிளாமத் என்ற பழங்குடி மக்கள். அவர்களிடம் ஒரு கதை உண்டு. கீழுலகின் தலைவன் லாவோ மசாமா மலைக்குள் இருந்தான். மேலுலகின் தலைவன் ஸ்கெல் தெற்கே சாஸ்தா மலை உச்சியில் நின்றான். இருவருக்கும் சண்டை மூண்டது. நெருப்பில் சிவந்த பாறைகள் வானத்தில் பறந்தன, காடுகள் எரிந்தன, மக்கள் ஓடிப்போய்த் தண்ணீருக்குள் இறங்கி நின்றார்கள். கடைசியில் லாவோவின் மலை அவன் மேலேயே இடிந்து விழுந்து, அவனைக் கீழுலகத்துக்குள் அடைத்தது. பிறகு மழை பெய்து அந்தக் குழியை மூடியது. 1865இல் கிளாமத் கோட்டையில் இருந்த ஒரு இளம் சிப்பாய்க்கு லலேக் என்ற முதிய தலைவர் சொன்னதாக இந்தக் கதை நமக்கு வந்திருக்கிறது.

மலை வெடித்துச் சிதறிப் பறந்ததா, உள்ளே இடிந்து விழுந்ததா என்று நிலவியலாளர்கள் நெடுநாள் விவாதித்தார்கள். சிதறிப் பறந்திருந்தால் சுற்றிலும் பழைய மலையின் பாறைத் துண்டுகள் குவிந்திருக்க வேண்டும். அவ்வளவு இல்லை. ஹோவல் வில்லியம்ஸ் என்ற நிலவியலாளர் 1942இல் வெளியிட்ட விரிவான ஆய்வு, மலை இடிந்துதான் விழுந்தது என்பதை நிலைநாட்டியது. லலேக் சொன்ன கதையிலும் மலை இடிந்துதான் விழுகிறது. தலைமுறைக்கு 25 ஆண்டு என்று வைத்தால் 300 தலைமுறை. எழுத்தே இல்லாமல், வாயும் காதுமாகவே அந்தச் செய்தி வந்து சேர்ந்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்குச் சிலிர்க்கிறது.

கிளாமத் மக்களுக்கு ஏரி புனிதமான இடம், அஞ்ச வேண்டிய இடமும்கூட. வெளியாரிடம் அதைப் பற்றிப் பேசுவதைத் தவிர்த்தார்கள். அதனால் 1853 ஜூன் மாதம் தங்கம் தேடி வந்த ஜான் வெஸ்லி ஹில்மன் தற்செயலாக விளிம்புக்கு வந்து நிற்கும்வரை வெள்ளையர் யாரும் இதைப் பார்த்ததாகப் பதிவு இல்லை. இதைத் தேசியப் பூங்காவாக ஆக்கப் பாடுபட்டவர் வில்லியம் கிளாட்ஸ்டன் ஸ்டீல். 1886இல் ஏரியின் ஆழம் பார்க்க அமெரிக்க நிலவியல் அளவைத் துறை ஒரு குழுவை அனுப்பியபோது அதில் அவரும் இருந்தார். போர்ட்லண்டில் செய்த அரை டன் எடையுள்ள கிளீட்வுட் என்ற படகை ரயிலில் ஏற்றி, வண்டியில் மாற்றி, மலை மேல் இழுத்துக்கொண்டு போய், செங்குத்தான சரிவில் கயிறு கட்டி மெல்ல மெல்ல ஏரியில் இறக்கினார்கள். பியானோ கம்பியின் நுனியில் ஈயக் குழாயைக் கட்டி 168 இடங்களில் தண்ணீருக்குள் விட்டார்கள். அவர்கள் கண்ட அதிக ஆழம் 1,996 அடி. இன்றைய ஒலியலைக் கருவிகள் சொல்வது 1,943 அடி. கம்பியும் ஈயமுமாக அளந்ததில் வித்தியாசம் 53 அடிதான். 1902இல் ஏரி தேசியப் பூங்காவானது.

இந்த ஏரியில் இன்னொரு அதிசயமும் உண்டு. ஹெம்லாக் மரத்தின் அடித்துண்டு ஒன்று, சுமார் 9 மீட்டர் நீளம், செங்குத்தாக நின்றபடியே நூறாண்டுக்கும் மேலாக மிதந்துகொண்டிருக்கிறது. தண்ணீருக்கு மேல் ஓர் ஆள் உயரத்துக்கும் குறைவாகத்தான் தெரியும். காற்று தள்ளும் பக்கமெல்லாம் போகும். 1938இல் மூன்று மாதம் அதைப் பின்தொடர்ந்து குறித்து வைத்தார்கள், 100 கிலோமீட்டர் அலைந்திருந்தது. ‘ஏரிக் கிழவர்’ என்றுதான் அங்கே பெயர்.

கதையும் நிலமும் ஒத்துப்போவது கிளாமத் நாட்டில் மட்டும் நடந்ததல்ல. கடற்கரைப் பழங்குடிகளிடம் இடிப்பறவையும் திமிங்கலமும் மல்லுக்கட்டிய கதை உண்டு. அந்தச் சண்டையில் நிலம் ஆடும், கடல் பின்வாங்கி மறுபடி ஏறி வரும். அந்தக் கரைக்கு அடியில் ஒரு கடல்தட்டு கண்டத்தட்டுக்குக் கீழே நுழைந்துகொண்டிருக்கிறது என்பதும், அது அவ்வப்போது பெரும் நிலநடுக்கமாகக் குலுங்கும் என்பதும் 1980களில்தான் விஞ்ஞானிகளுக்கு உறுதியானது. 2004 டிசம்பரில் நம் கரைகளைத் தாக்கிய அலையை எழுப்பிய சுமத்ரா பிளவும் இதே வகைதான். கடைசியாக இந்தப் பிளவு நெடுகிலும் உடைந்த நாள்கூடத் தெரியும்: 1700 ஜனவரி 26, இரவு சுமார் 9 மணி. இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் ஜப்பான். அந்த அலை பசிபிக்கைக் கடந்து ஜப்பானியக் கரையில் ஏறியது. நிலம் நடுங்காமல் அலை மட்டும் ஏன் வந்தது என்று புரியாமல் அங்குள்ளவர்கள் எழுதி வைத்தார்கள். அந்த ஏடுகளிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டார்கள். இப்படி நிலம் தாழ்ந்து கடல்நீர் ஏறிச் செத்த காடுகளின் அடிமரங்கள் அந்தக் கரையில் பல இடங்களில் உண்டு. ஓரிகனின் நெஸ்கோவின் கடற்கரையில் நிற்கும் அடிமரங்கள் இன்னும் பழையவை, 2,000 ஆண்டு வயது. நீர் வற்றும் நேரத்தில் மணலிலிருந்து கறுப்பாகத் தலை நீட்டும்.

கொலம்பியா ஆற்றிலும் இப்படி ஒன்று உண்டு. ஓரிகனுக்கும் வாஷிங்டன் மாநிலத்துக்கும் எல்லையாக ஓடும் இந்தப் பெரிய ஆறு கேஸ்கேட் மலையை அறுத்துக்கொண்டு மேற்கே போகிறது. 1400களில் வடகரை மலை ஒன்று சரிந்து ஆற்றையே அடைத்தது. சில காலம் மக்கள் கால் நனையாமல் அக்கரைக்குப் போயிருக்க முடியும். ‘கடவுளரின் பாலம்’ என்ற கதை அதைப் பற்றியதுதான். ஒரு பெண்ணுக்காக இரு சகோதரர்கள் சண்டையிட, பாலம் இடிந்து விழுகிறது, மூவரும் மலையாகிறார்கள். வைஈஸ்ட் என்ற சகோதரன்தான் இன்றைய மவுண்ட் ஹூட், 3,429 மீட்டர், ஓரிகனின் மிக உயர்ந்த சிகரம். 1805இல் அமெரிக்க அரசு அனுப்பிய ஆய்வுக்குழுவின் தலைவர்கள் லூயிஸும் கிளார்க்கும் அந்த வழியாகப் போனபோது தண்ணீருக்குள் செத்து நின்ற மரங்களைப் பார்த்தார்கள். கடந்த 20 ஆண்டுகளுக்குள் ஆறு அடைபட்டிருக்க வேண்டும் என்று லூயிஸ் ஊகித்தார். காரணம் சரி, காலக்கணக்கில்தான் மூன்று நூற்றாண்டுக்கு மேல் பிசகு.

அந்த ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு இன்றைய உருவம் கிடைத்தது அதற்கும் வெகு முன்னால். பனியுக முடிவில், இன்றைய ஐடஹோ மாநிலத்தின் வடபகுதியில் ஒரு பனிநாக்கு ஆற்றை மறித்து நின்றது. அதன் பின்னால், இன்றைய மொன்டானாவில், 600 மீட்டர் ஆழத்துக்கு ஏரி தேங்கியது. பனி அணை உடைந்தது. மறுபடி மூடியது, மறுபடி உடைந்தது. ஏறத்தாழ 18,000இலிருந்து 13,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை இப்படிப் பத்துக்கணக்கான பெருவெள்ளங்கள் கொலம்பியா வழியாகக் கடலுக்குப் பாய்ந்தன. பள்ளத்தாக்கின் சரிவுகளைச் செதுக்கி எடுத்ததில் பக்க ஓடைகள் அந்தரத்தில் தொங்கின. சுற்றுலாப் பயணிகள் குவியும் 189 மீட்டர் மல்ட்னோமா அருவி அப்படி ஒன்று. இன்றைய போர்ட்லண்ட் நகரம் இருக்கும் இடத்தில் 120 மீட்டர் தண்ணீர் நின்றது. அதற்குத் தெற்கே உள்ள வில்லாமெட் பள்ளத்தாக்கு முழுவதும் வண்டல் படிந்தது. பின்னால் ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கண்டத்தின் மறுமுனையிலிருந்து இழுத்து வந்த வளமான மண்ணில் பெரும்பகுதி அந்த வெள்ளங்களின் கொடை. 1923இல் இதைச் சொன்ன ஜே ஹார்லன் பிரெட்ஸை நிலவியல் உலகம் பல ஆண்டுகள் ஏற்கவில்லை. 1979இல் அத்துறையின் உயரிய பதக்கங்களில் ஒன்றான பென்ரோஸ் பதக்கம் அவருக்குக் கிடைத்தபோது வயது 96.

வெள்ளத்தில் மிதந்து வந்த பனிப்பாளங்கள் பாறைகளையும் சுமந்து வந்தன. அப்படி வந்ததாகக் கருதப்படுவதுதான் 15.5 டன் எடையுள்ள வில்லாமெட் விண்கல். கிளாக்கமாஸ் மக்கள் அதைத் தொமனோவோஸ் என்று அழைத்து வணங்கினார்கள். அதன் குழிகளில் தேங்கும் மழைநீரில் முகம் கழுவினார்கள், அம்பு முனைகளை நனைத்தார்கள். 1902இல் எல்லிஸ் ஹியூஸ் என்ற விவசாயி அது பக்கத்து இரும்பு நிறுவனத்தின் நிலத்தில் கிடப்பதைக் கண்டு, மரச்சட்டத்தில் ஏற்றி, ஒரு குதிரையையும் தன் மகனையும் வைத்துக்கொண்டு மூன்று மாதம் இழுத்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் நகர்த்தித் தன் நிலத்தில் கொண்டுவந்து வைத்தார். கொட்டகை போட்டுக் காசு வாங்கிக் காட்டினார். வழக்கு வந்தது. கல் கிடந்த நிலம் யாருடையதோ அவருக்கே கல் என்று 1905இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கிளாக்கமாஸ் மக்களுக்கும் அதில் உரிமை உண்டு என்ற சாட்சியத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. கல் இப்போது நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு ஏற்பட்ட உடன்பாட்டின்படி, கிளாக்கமாஸ் வழிவந்தவர்கள் ஆண்டுக்கொரு முறை அங்கே போய்த் தங்கள் சடங்கைச் செய்துவிட்டு வருகிறார்கள்.

வில்லாமெட் பள்ளத்தாக்கின் சொந்தக்காரர்கள் கலப்பூயா மக்கள். முதலில் வந்த வெள்ளையர் அந்த இடத்தைப் பார்த்து மலைத்துப்போனார்கள். பரந்த புல்வெளி, நடுநடுவே ஓக் மரங்கள், உழுதால் போதும் என்று காத்திருக்கும் மண். இயற்கையே இப்படி அமைத்துக் கொடுத்தது என்று நினைத்தார்கள். உண்மையில் கலப்பூயாக்கள் கோடை முடிவில் ஆண்டுதோறும் புல்லுக்குத் தீ வைத்துக் காடு ஏறாமல் பார்த்துக்கொண்டதால் வந்த அழகு அது. தீக்குப் பிறகு மான்கள் இளம்புல் தேடி வரும், ஓக் கொட்டைகளைப் பொறுக்குவது எளிது, காமாஸ் செழிக்கும். காமாஸ் ஒரு கிழங்கு. வசந்தத்தில் அதன் பூக்கள் விரிந்தால் தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு நீல நிற ஏரி மாதிரி தோன்றும். பெண்கள் கழியால் தோண்டி எடுத்து, சூடேற்றிய கற்களைப் பரப்பிய குழி அடுப்பில் இலை தழைகளோடு மூடி ஓரிரு நாள் வேகவைப்பார்கள். பச்சையாகத் தின்றால் செரிக்காது. வெந்ததும் பழுப்பேறி இனிக்கும்.

பிறகு காய்ச்சல் வந்தது. 1830 முதல் 1833 வரை ஒவ்வொரு கோடையிலும் திரும்பத் திரும்ப வந்தது. மலேரியா என்றே பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். கப்பல்களில் வந்தவர்களின் உடலோடு வந்து, உள்ளூர் கொசுக்களால் பரவியது. அதற்கு முன்பே பெரியம்மை ஒரு சுற்று வந்து போயிருந்தது. வில்லாமெட்டிலும் கீழ்க் கொலம்பியாவிலும் பத்தில் ஒன்பது பேர் வரை செத்ததாகக் கணக்கிடுகிறார்கள். ஊர் ஊராகப் புதைக்கவும் ஆள் இல்லை. பத்தாண்டு கழித்துக் கூண்டு வண்டிகள் வந்து சேர்ந்தபோது பள்ளத்தாக்கு காலியாகத் தெரிந்தது இதனால்தான். ஓரிகன் வரலாற்றில் ஒரே ஒரு உண்மையை மட்டும் சொல்ல இடம் கொடுத்தால் நான் இதைத்தான் சொல்லுவேன்.

வெளியாட்கள் வந்த கதையை வேகமாகச் சொல்லிவிடலாம். 1792 மே மாதம் ராபர்ட் கிரே என்ற அமெரிக்க வணிகக் கப்பல் தலைவர் ஆபத்தான மணல்திட்டுகளைத் தாண்டி ஆற்றின் முகத்துவாரத்துக்குள் நுழைந்தார். அவருடைய கப்பலின் பெயர்தான் ஆற்றுக்குக் கொலம்பியா என்று நிலைத்தது. 1805 நவம்பரில் லூயிஸ், கிளார்க் குழு வந்து கிளாட்சாப் கோட்டை என்று ஒரு மரக்கோட்டை கட்டிக் குளிர்காலத்தைக் கழித்தது. 106 நாளில் 12 நாள்தான் மழை இல்லை. துணி மக்கியது, இறைச்சி கெட்டது. ஜனவரியில் தெற்கே ஒரு திமிங்கலம் கரை ஒதுங்கியதாகச் செய்தி வந்ததும் கிளார்க் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு புறப்பட்டார். கைக்குழந்தையோடு அத்தனை தூரம் வந்த ஷோஷோனி பெண் சகாகவேயா, பெரிய தண்ணீரைப் பார்க்க இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறேன், இப்போது இந்தப் பெரிய மீனும் வந்திருக்கிறது, இரண்டையும் பார்க்க விடாவிட்டால் எப்படி என்று கேட்டு உடன் போனார். போய்ச் சேர்ந்தபோது அங்குள்ள மக்கள் சதையை முழுக்க அறுத்தெடுத்து, எலும்பு மட்டும் கிடந்தது. பண்டமாற்றில் 300 பவுண்டு கொழுப்பு வாங்கிக்கொண்டு திரும்பினார்கள்.

1811இல் ஜான் ஜேக்கப் ஆஸ்டரின் கம்பெனி முகத்துவாரத்தில் அஸ்டோரியா என்ற விலங்குரோம வியாபாரத் தளத்தை அமைத்தது. எல்லாம் பீவர் என்ற விலங்கின் தோலுக்காக. ஐரோப்பாவில் தொப்பி செய்ய அந்த ரோமத்துக்கு அத்தனை கிராக்கி. 1818 முதல் பிரிட்டனும் அமெரிக்காவும் இந்த நிலத்தைச் சேர்ந்து அனுபவிப்பதாக ஒப்பந்தம் செய்துகொண்டன. 1846இல் 49ஆம் அட்சரேகையை எல்லையாக வைத்துப் பிரித்துக்கொண்டன. பேச்சுவார்த்தை எதிலும் இங்கே குடியிருந்தவர்களுக்கு இடம் இல்லை.

1843இல் ஏறத்தாழ ஆயிரம் பேர் மிசூரியிலிருந்து புறப்பட்டார்கள். 3,200 கிலோமீட்டர், ஐந்தாறு மாதம். வண்டியில் மூட்டை முடிச்சு இருக்கும், மனிதர்கள் பெரும்பாலும் நடந்தார்கள். எருது இழுத்தது. பின்னாளில் இதே வழியில் காலரா பலரைக் கொண்டுபோனது. கடைசிக் கட்டத்தில் மவுண்ட் ஹூட் குறுக்கே நின்றது. 1846இல் மலையைச் சுற்றிப் பாதை போடும்வரை, வண்டியைக் கழற்றித் தெப்பத்தில் ஏற்றிக் கொலம்பியாவின் சுழல்களில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. பாதை வந்த பிறகும் சில சரிவுகளில் வண்டியை மரத்தில் கயிறு சுற்றித்தான் இறக்கினார்கள். சக்கரம் பதிந்த தடங்களைப் பேக்கர் சிட்டி அருகே இன்றும் பார்க்கலாம்.

அரசு என்று ஒன்று இங்கே உருவான விதம் சுவையானது. 1841இல் யூவிங் யங் என்ற பெரும் மாட்டுப்பண்ணைக்காரர் உயில் எழுதாமல் இறந்தார். நூற்றுக்கணக்கான மாடுகளை யாருக்குக் கொடுப்பது? தீர்ப்புச் சொல்ல நீதிமன்றம் இல்லை. அப்புறம் ஓநாய்த் தொல்லை. ஓநாயைக் கொன்றவருக்குப் பரிசுத்தொகை தர வசூல் செய்யலாம் என்று கூடினார்கள். வசூல் என்றால் வரி, வரி என்றால் அரசு. அந்த ஓநாய்க் கூட்டங்களிலிருந்து வளர்ந்ததுதான் 1843 மே 2ஆம் தேதி ஷாம்பூயி ஊரில் நடந்த வாக்கெடுப்பு. 52க்கு 50 என்ற கணக்கில் தற்காலிக அரசு அமைந்தது என்று மரபாகச் சொல்கிறார்கள்.

அந்த அரசு 1844இல் போட்ட சட்டங்களில் ஒன்று, கறுப்பின மக்கள் இங்கே வசிக்கக்கூடாது என்பது. போகாவிட்டால் 39 கசையடி வரை என்றும் அதில் எழுதியிருந்தது. கசையடியை நடைமுறைக்கு வரும் முன்பே நீக்கிவிட்டார்கள், ஆனால் எண்ணம் நீங்கவில்லை. 1857இல் மாநில அரசியலமைப்புக்கு வாக்கெடுத்தபோது அடிமை முறை வேண்டாம் என்று பெரும்பான்மை சொன்னது. கறுப்பினத்தவரே வேண்டாம் என்று அதைவிடப் பெரிய பெரும்பான்மை சொன்னது. 1859 பிப்ரவரி 14இல் 33ஆவது மாநிலமாக ஓரிகன் சேர்ந்தபோது அந்தத் தடை அரசியலமைப்பிலேயே இருந்தது. 1926இல்தான் நீக்கினார்கள். 1844இல் வந்த, வசதியும் பண்பும் கொண்ட ஜார்ஜ் புஷ் என்ற கறுப்பின விவசாயி, உடன் வந்தவர்களோடு இந்தச் சட்டத்தால் கொலம்பியாவுக்கு வடக்கே போய்க் குடியேறினார். இன்றும் ஓரிகன் மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் சுமார் 2 சதவீதம்தான்.

நிலமும் இப்படித்தான் கைமாறியது. 1850ஆம் ஆண்டின் நிலக்கொடைச் சட்டம் மணமான வெள்ளைத் தம்பதிக்கு 640 ஏக்கர், தனி ஆணுக்கு 320 ஏக்கர் என்று இலவசமாகக் கொடுத்தது. சுமார் 25 லட்சம் ஏக்கர் அப்படிப் போனது. கலப்பூயாக்களோடு ஒப்பந்தம் முடிந்தது 1855இல். கொடுத்த பிறகு கேட்டிருக்கிறார்கள். மறு ஆண்டே அவர்களைக் கிராண்ட் ரோண்ட் ஒதுக்கீட்டு நிலத்துக்கு அனுப்பினார்கள். 1954இல் இவர்களையும் இன்னும் பலரையும் பழங்குடி என்று ஏற்றிருந்த அங்கீகாரத்தையும் அரசு நீக்கியது. போராடி அதைத் திரும்பப் பெற்றார்கள்: சைலெட்ஸ் மக்கள் 1977இல், கிராண்ட் ரோண்ட் 1983இல், கிளாமத் 1986இல்.

இனி ஒரு அருவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது இப்போது கண்ணுக்குத் தெரியாது.

த டாலஸ் என்ற ஊருக்குச் சுமார் 20 கிலோமீட்டர் மேலே, கொலம்பியா குறுகிக் கரும்பாறைகளின் இடுக்கில் விழுந்து பாய்ந்த இடம் செலைலோ. அங்குள்ளவர்கள் வையாம் என்றார்கள், பாறையில் விழும் நீரின் எதிரொலி என்று பொருள். கடலிலிருந்து ஏறி வரும் சால்மன் அந்த இடுக்குகளில் துள்ளும். பாறை விளிம்பிலிருந்து தண்ணீருக்கு மேல் நீட்டிக் கட்டிய மரப் பரண்களில், இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஆண்கள் நிற்பார்கள். நீளமான கழியின் முனையில் வளையம், வளையத்தில் வலை. நுரைக்குள் அதை விட்டு நீரோட்டத்தோடு துழாவி இழுக்க வேண்டும். குறைந்தது 10,000 ஆண்டுகள் அங்கே மீன் பிடித்திருக்கிறார்கள். அது ஒரு பெரிய சந்தையும்கூட. கடற்கரைச் சிப்பியும், தெற்கின் எரிமலைக் கண்ணாடியும், கிழக்குச் சமவெளியின் காட்டெருமைத் தோலும் உலர்ந்த சால்மனுக்கு அங்கே கைமாறின. 1855இல் இந்தப் பகுதியில் செய்த ஒப்பந்தங்களில் நிலத்தை விட்டுக்கொடுத்தபோதும் வழக்கமான இடங்களில் மீன்பிடிக்கும் உரிமையை மட்டும் பழங்குடிகள் விடவில்லை.

1957 மார்ச் 10ஆம் தேதி காலை, புதிதாகக் கட்டிய த டாலஸ் அணையின் மதகுகளை மூடினார்கள். நீர் ஏறத் தொடங்கியது. கரையில் மக்கள் கூடி நின்றார்கள். சில மணி நேரத்தில் பரண்கள் மூழ்கின, பாறைகள் மூழ்கின, இரைச்சல் அடங்கியது. வையாம் மக்களின் தலைவர் டாமி தாம்சன் அணையைக் கடைசிவரை எதிர்த்தவர், மிகவும் முதியவர். இரண்டு ஆண்டில் அவரும் இறந்தார். நான்கு பழங்குடிகளுக்குச் சேர்த்து ஏறத்தாழ 2.7 கோடி டாலர் இழப்பீடு தந்தார்கள்.

அருவியை வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள் என்று பலர் நெடுங்காலம் நம்பினார்கள். 2008இல் அமெரிக்க ராணுவப் பொறியியல் படை ஒலியலைக் கருவியால் ஆற்றின் அடியைப் படம் எடுத்தது. பாறைத் தட்டுகளும், இடுக்குகளும், நீர் விழுந்த விளிம்பும் அப்படியே இருந்தன.

நெடுஞ்சாலைக்கு அருகே செலைலோ கிராமம் இன்றும் சின்னதாக இருக்கிறது. ஆற்றோரம் சில இடங்களில் பரண் கட்டி, கழிவலையோடு நிற்பவர்களையும் பார்க்கலாம். ஆண்டுதோறும் ஏப்ரலில் முதல் சால்மன் விருந்து நடக்கும். முதலில் ஒரு வாய் தண்ணீர், பிறகு சால்மன், பிறகு கிழங்கு. அந்தச் சடங்கு முடியும்வரை வலையை இறக்கக்கூடாது என்பது அங்குள்ள பழைய முறை.